திருவனந்தபுரத்தில் தமிழ்க் கல்வி

ஆண்டுதோறும் சித்திரை கழிந்து பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்கும்போது, நம் சங்கத்தை நாடிப் பெற்றோர் சிலர் வருவதுண்டு. தென்காசியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ மதுரையிலிருந்தோ உத்தியோகம் பற்றியும் வாணிகம் பற்றியும் அண்மையில் இந்நகரிற் குடியேறியவர்கள் அவர்கள். அவர்கள் கேட்கும் வினா ஒன்றே: "இவ்வூரில் எங்கள் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க வழி உண்டா?" உண்டு என்று ஒரு சொல்லில் விடையிறுத்துவிடலாம். சாலைக் கடைத்தெருப் பகுதியில், 'தமிழ்' என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய அரசினர் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இதனைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வியப்புத் தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மலையாள நாட்டின் தலைநகரில் அரசினரே நடத்தும் தமிழ்ப் பள்ளியா என்பதே அவ்வியப்பு.

அவ்வியப்புக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்நகரத் தமிழரைப் பற்றி நம் மேடைகளில் இருவகைப் பேச்சுக்களைக் கேட்டு வருகிறோம். ஒரு சாரார் இவ்வூர் முழுவதும் ஆதியில் தமிழூரே என்று முழங்கி அமர்வர். மற்றொரு சாரார், நாமெல்லாம் பிழைக்க வந்தவர்கள், கிடைத்ததே போதும் என்பர். முதற் கூற்று அயலாரை மனம் நோகச் செய்யும். இரண்டாவது கூற்று நம் பிள்ளைகளின் உரிமையை நாமே கைவிடச் செய்யும். இரண்டும் வரலாற்றோடு பொருந்துவன அல்ல.

வேணாடு என வழங்கிய இத்தென்பகுதியில் கல்விக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான சான்று, ஆய் மன்னன் கருநந்தடக்கன் வெளியிட்ட செப்பேடு. திருவிதாங்கூர் அரசினரின் ஹசூர்க் கச்சேரியில் இருந்தமையால் அதனை ஹசூர்ச் செப்பேடு என்பர். தொல்பொருள் அறிஞர் து. அ. கோபிநாத ராவ் அதனைத் திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையிற் பதிப்பித்தார். அதன் காலம் கி. பி. 866. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறையை அடுத்துள்ள பார்த்திவபுரத்தில் அம்மன்னன் ஒரு திருமால் கோயில் எடுத்து, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது ஈண்டு வழியைக் குறிப்பதன்று; உண்டியும் உறையுளும் தந்து மாணவரைக் கற்பிக்கும் கல்வி நிலையம். அங்கே 95 மாணவர்க்கு இடம் வகுக்கப்பட்டது. பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரியர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என்பது பங்கீடு. மாணவர் ஒருவரையொருவர் வைதால் தண்டம் இறுக்க வேண்டும். படைக்கலத்தோடு அவைக்கு வரலாகாது. ஓராயிரத்து நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரும் விடுதி மாணவர் விடுதி மாணவராகவே இருந்தனர் போலும்!

இச்சாலை காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தது என்று அச்செப்பேடே கூறுகிறது. அக்காந்தளூர்ச் சாலையைத் திருவனந்தபுரத்து வலியசாலைச் சிவன் கோயிலோடு தொடர்புபடுத்துவது பெருவழக்கு. வேறிடம் கூறுவாரும் உளர். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் காந்தளூர்ச் சாலையிற் கலமறுத்தான் என்று புகழ்வதும், 'கலம்' என்றது மரக்கலத்தையா உண்கலத்தையா என்று அறிஞர் வழக்காடியதும் வரலாறு பயின்றோர் அறிந்தவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இதனை ஆராய்ந்து தனிநூலே எழுதினார். அவ்வழக்கில் நாம் புகவில்லை. நம் நகரில் வலியசாலை, ஆரியசாலை, சாலை என்று மூன்றிடங்கள் அருகருகே இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. சாலைக் கடைத்தெருவில் மிளகாய் நிறுக்கும் வணிகர் பலர் தாம் ஒரு பழங்கல்லூரியின் பெயரின்கீழ் அமர்ந்திருக்கலாம் என்பதை அறியார்.

ஆயினும் இப்பழம்பெருமையில் நாம் மயங்குதல் கூடாது. பார்த்திவபுரத்துச் சாலையின் 95 இடங்களும் வேதம் ஓதுவார்க்கே உரியன. செப்பேட்டின் ஒரு பகுதி வட்டெழுத்தில் தமிழாக இருப்பது உண்மையே. ஆனால் அச்சாலைக்கு நெல் அளந்த உழவனின் மகன் அங்கே சென்று அச்செப்பேட்டைப் படிக்கக் கற்றான் என்பதற்குச் சான்றில்லை. நம் முன்னோர் கல்வியைப் போற்றினர் என்று சொல்லுமிடத்து, யாருடைய கல்வியை என்ற கேள்வியையும் உடன் கேட்பதே நேர்மை.

உழவர்க்கும் வணிகர்க்கும் கணக்கர்க்கும் எழுத்தறிவித்தவர்கள் திண்ணைப் பள்ளி ஆசிரியர்களே. மலையாளப் பகுதியில் அவர் ஆசான், அவர் பள்ளி குடிப்பள்ளிக்கூடம். மணலில் விரலாலும் பின்னர் ஓலையில் எழுத்தாணியாலும் எழுதப் பழகுதல், எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்தல், ஆசிரியர்க்கு நெல்லும் காய்கறியும் காணிக்கையாகத் தருதல் ஆகியவற்றில் இருபகுதிகளுக்கும் வேற்றுமை மிகுதியில்லை. இத்தென்பகுதியில் வட்டெழுத்து நெடுங்காலம் வழக்கிலிருந்தது. 'நமோ நாராயணாய' என்னும் தொடரின் எழுத்துக்களைக் கொண்டு பாடம் தொடங்கியமையால் அவ்வெழுத்துக்கு 'நானம் மோனம்' என்றே ஒரு பெயர் வழங்கியது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலக ஓலைகளைப் படிக்கப் புகுவார்க்குத் தமிழும் மலையாளமும் ஆகிய இரண்டும் தெரிந்திருந்தாலன்றி ஓரடியும் நகராது. மொழிகளுக்கு இடையே நாம் இன்று போட்டிருக்கும் வேலி அவ்வோலைகளை எழுதிய கணக்கர்க்குத் தெரியாது.

தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது 1795-ல். தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில், திவான் ராஜா கேசவதாசரின் முயற்சியால் சாலைக் கடைத்தெரு எழுந்தது. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பொருள்கள் வந்தன. அவற்றோடு வணிகரும் வந்தனர். வேளாளர், செட்டிமார், நாடார், இசுலாமியர், அக்கிரகாரத்து அந்தணர், மூட்டை சுமப்போர் எனப் பல திறத்தாரும் கோட்டையைச் சுற்றியும் கரமனை ஆற்றை அடுத்தும் குடியமர்ந்தனர். பாலராமவர்மர் காலத்தில், உம்மிணித் தம்பியின் ஏற்பாட்டால் வந்த சாலியர் பாலராமபுரத்தில் தறி நாட்டினர். அவர் நெய்த கைத்தறித் துணி 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. தலைநகரம் தமிழ் வழங்கிய கல்குளம் பகுதியிலிருந்து புறப்பட்டு வந்ததாதலின், அரண்மனைக் கணக்கும் ஏவலரும் வணிகமும் தமிழைத் தம்முடனே கொணர்ந்தன எனலாம். இந்நகரத் தமிழரிற் பெரும்பாலோர் ஓர் அயல்நாட்டுக்கு வந்தவரல்லர். ஓர் அரசின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு வந்தவர்கள்.

1817-ல் வெளிவந்த ஓர் அரசாணையைத் திருவிதாங்கூர்க் கல்வி வரலாறு எழுதுவோர் எவரும் மறப்பதில்லை. சுவாதித் திருநாள் குழந்தையாயிருந்தமையால் அரசப் பிரதிநிதியாக ஆண்டவர் கௌரி பார்வதிபாய். அப்போது அவர்க்கு வயது பதினைந்தே. குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்றல் வேண்டும் என்பது அவ்வாணையின் கருத்து. அவ்வளவும் உடனே நிறைவேறியது என்று எண்ணிவிடலாகாது. ஆயினும் கல்வி தருவது அரசின் கடமை என்ற எண்ணத்தை அவ்வளவு முன்னரே எழுத்தில் வடித்த அரசுகள் இந்தியாவில் மிகச் சிலவே.

இதே காலத்தில் தெற்கே லண்டன் மிஷன் தொண்டர்கள் பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்தனர். ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். மீட் பாதிரியார் காலத்தில் நாகர்கோவிலில் ஒரு செமினரி எழுந்தது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வித்து அதுவே. மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் பின்னல் வேலையும் கற்பித்தார். சமய நோக்கம் அவர்கட்கு இருந்தது என்பதை எவரும் மறைக்கவில்லை. ஆனால் அதுவரை எந்தத் திண்ணையிலும் ஏறவிடப்படாத குழந்தைகள் தமிழெழுத்தைக் கற்றது அப்பள்ளிகளிலேதான். இதனை ஒப்புக்கொள்வதற்குச் சமயம் தடையாதல் வேண்டா.

தலைநகரில் ஆங்கிலக் கல்வி 1834-ல் ராபர்ட்ஸ் என்பவர் தலைமையில் தொடங்கி, 1836-ல் மன்னரின் இலவசப் பள்ளியாகி, 1866-ல் கல்லூரியாக உயர்ந்தது. அதுவே இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி. அவ்வாண்டை ஒட்டியே திவான் மாதவராவ் தாய்மொழிப் பள்ளிகளுக்கும் ஒரு முறையான திட்டம் வகுத்தார். பாடநூற் குழுவொன்று அமைந்தது. கேரளவர்மா வலிய கோயித்தம்புரான் மலையாளப் பாடநூல்களைச் செம்மைப்படுத்தினார். நாஞ்சில் நாடும் கல்குளமும் செங்கோட்டையும் ஒரே அரசின்கீழ் இருந்தமையால், தமிழ்ப் பள்ளிகளும் அதே கல்வித் துறையின் பொறுப்பாயின. சாலைப் பகுதியில் அரசினர் தமிழ்ப் பள்ளி ஏன் இருக்கிறது என்ற வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது. அஃது எவரும் இரங்கி அளித்த சலுகையன்று. தமிழைத் தன் குடிகளின் மொழிகளுள் ஒன்றாகக் கருதிய ஓர் அரசு விட்டுச்சென்ற எச்சம் அது.

அக்கல்லூரியிற் பயின்று அங்கேயே தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855-ல் ஆலப்புழையிற் பிறந்தவர். இடையே திருநெல்வேலி இந்துப் பள்ளியின் தலைமையை ஏற்றுச் சிலகாலம் அங்கிருந்து, மீண்டும் இந்நகர்க்கே வந்தார். பகலில் ஆங்கிலத்தில் மேலைத் தத்துவம் கற்பிப்பது அவர் தொழில். பேரூர்க்கடையிலிருந்த தம் இல்லத்தில் தமிழ் எழுதுவது அவர் வாழ்க்கை. தம் ஆசிரியர் ஹார்வியிடம் கொண்ட நன்றியால் அவ்வில்லத்துக்கு ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். 1891-ல் வெளிவந்த மனோன்மணீயத்தை அவ்வாசிரியர்க்கே உரிமையாக்கினார். அந்நாடகத்தின் பாயிரத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் பகுதியே 1970-ல் தமிழ்நாட்டு அரசு விழாக்களின் கடவுள் வாழ்த்தாகவும், 2021-ல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளிற் காலைதோறும் ஒலிக்கும் அப்பாடலை இயற்றியவர் நம் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் என்பதை, இங்குள்ள நம் பிள்ளைகளுட் பலர்க்கு நாம் இன்னும் சொல்லவில்லை.

சுந்தரம் பிள்ளையவர்கள் மற்றொன்றும் செய்தார். 1885-ல் இந்நகரில் சைவப் பிரகாச சபை தோன்றக் காரணராயிருந்தார். பள்ளியும் கல்லூரியும் தர இயலாத ஒன்றை ஊரார் கூடித் தாமே தேடிக்கொள்ளலாம் என்பதற்கு அச்சபை முதல் எடுத்துக்காட்டு. அன்றியும், வேணாட்டரசரின் கல்வெட்டுக்களை ஊரூராய்ச் சென்று படித்து அவர் எழுதிய ஆங்கில ஆராய்ச்சியே திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கட்டுக்கதையினின்று பிரித்து வரலாற்றில் நிறுத்தியது. மலையாள நாட்டின் வரலாற்றுக்கு ஒரு தமிழாசிரியர் செய்த தொண்டு அது. நாற்பத்திரண்டு வயதில், 1897-ல் அவர் மறைந்தார்.

கற்றோர் பெருமையைப் பேசும்போது கல்லாது தடுக்கப்பட்டோரையும் நினைத்தல் வேண்டும். இந்நகர்க்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளி, புலையர் குழந்தைகட்குப் பள்ளி திறக்கப்படும் வரை வயலில் இறங்குவதில்லை என்று தம் மக்களைக் கூட்டி நின்றார். அரசாணை பிறந்த பின்னும் பள்ளிக் கதவு திறக்கவில்லை. ஊருட்டம்பலத்தில் ஒரு சிறுமியைப் பள்ளியில் அமர்த்தியதற்காக அப்பள்ளியே எரிக்கப்பட்டது. அவர் தமிழரல்லர், ஆயினும் அவர் திறந்த கதவின் வழியே சென்றவர்களுள் இந்நகரத்து எளிய தமிழ்க் குடும்பத்தாரின் பிள்ளைகளும் உண்டு. ஆதலின் அவர் வரலாறு நம் வரலாறுமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்க் கல்வி இங்கே நன்கு வேரூன்றியிருந்தது. கவிமணி இங்குள்ள மகளிர் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 1931-ல் ஓய்வு பெற்றார். குழந்தைகள் வாயில் எளிதாகப் புகும் தமிழை அவர் பாட முடிந்ததற்கு, அவர் வகுப்பறையிற் கழித்த ஆண்டுகளே காரணம் என்பது எம் கருத்து. 1937-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் அறக்கட்டளையாக வழங்க, அங்கே தமிழ்த்துறை அமைந்தது. இளமையில் இந்நகரில் வழக்கறிஞராயிருந்து, பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை முடித்துத் தந்த ச. வையாபுரிப் பிள்ளை 1951-ல் இங்கே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவர்க்குப் பின்னர் வந்தவருள் வடசேரியிற் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் குறிப்பிடத்தக்கவர். தமிழ்த்துறைத் தலைவராக இருந்து, 1963-ல் மொழியியல் துறையை நிறுவி, 1981-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகச் சென்றார். அங்கே அவர் செய்தவற்றுக்குப் பயிற்சிக்களம் இந்நகரமே.

இதற்கிடையே இருப்புப்பாதையும் வந்துவிட்டது. 1904-ல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தைத் தொட்ட வண்டி, 1918-ல் திருவனந்தபுரம் வந்தது. 1931-ல் தம்பானூர் நிலையம் அமைந்தது. நாகர்கோவிற் பாதை 1979-ல்தான் திறந்தது என்பதை நினைவிற் கொண்டால், பழைய வணிகக் குடும்பங்களுட் பல தம் ஊரைச் செங்கோட்டை வழியாகவே நினைவுகூர்வதன் காரணம் விளங்கும்.

இனி 1956-க்கு வருவோம். இவ்வாண்டைப் பற்றி நம்மவர் எழுதும்போது உணர்ச்சி முந்திவிடுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. மார்ஷல் நேசமணி தலைமையில் தெற்குத் தாலுகாக்களின் தமிழர் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரும் மறக்கற்பாலர் அல்லர். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அங்கே அது விடுதலை நாள். நாகர்கோவிற் பள்ளிச் சிறுவன் அன்று தன் மொழியின் மாநிலத்துக்குச் சென்றான்.

நெய்யாற்றின்கரைக்கு இப்பால், திருவனந்தபுரத்தில் இருந்த தமிழ்ச் சிறுவனுக்கு அன்று நேர்ந்தது என்ன? முதல் நாள் வரை அவன் பள்ளி, நூற்றுக்கணக்கான தமிழ்ப் பள்ளிகளைக் கொண்ட ஒரு கல்வித் துறையின் உறுப்பு. தமிழறிந்த மேற்பார்வையாளர் இருந்தனர். ஆசிரியர் தேவையெனில் இரணியலிலிருந்தோ பூதப்பாண்டியிலிருந்தோ ஒருவரை மாற்றிவிட்டால் முடிந்தது. மறுநாள் அத்தமிழ் நிலம் களியக்காவிளைக்கு அப்பாலாயிற்று. ஆசிரியர் வரும் ஊர் வேறு மாநிலம், பாடநூல் வேறு, தேர்வு வேறு. இங்கிருந்த தமிழ் வகுப்புக்கள் பெருந்தோட்டத்தினின்று பெயர்த்துத் தொட்டியில் வைத்த செடிகளாயின. தொட்டிச் செடியும் வாழும். ஆனால் நாள்தோறும் ஒருவர் நீர் வார்த்தாக வேண்டும். மொழிவழி மாநிலம் அமைந்தது தவறு என்று நாம் கூறவில்லை. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் அதன் இருபுறத்தும் சிலர் சிறுபான்மையராவர் என்பதையும், அச்சிலரின் கணக்கை வெற்றி விழாக்களில் எவரும் படிப்பதில்லை என்பதையுமே கூறுகிறோம்.

சட்டம் அவர்களை முற்றும் மறந்துவிடவில்லை. 1956-ல் அரசியலமைப்பின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்தல் வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலத்தையும் பணிக்கிறது. அதற்கு முன்னரே, 1949-ல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு ஓர் அளவும் வகுத்திருந்தது: ஒரு பள்ளி முழுவதிலும் 40 குழந்தைகள் இருப்பினும், ஒரு வகுப்பில் 10 குழந்தைகள் இருப்பினும் தாய்மொழி ஆசிரியரை அமர்த்துதல் வேண்டும். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதி, அம்மொழியிலேயே மறுமொழி பெறலாம் என்கிறது. 2017-ல் மலையாளம் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாயிற்று. இதனை நாம் குறை கூறோம். இம்மண்ணில் வளரும் பிள்ளை இம்மண்ணின் மொழியைக் கற்றேயாக வேண்டும்; கற்றால் அவனுக்கு இரண்டு இலக்கியங்கள் சொந்தமாகும்.

இடர் சட்டத்தில் இல்லை. பத்து, நாற்பது என்ற அந்த எண்களில் இருக்கிறது. வகுப்பில் பதினொருவர் இருக்கும்வரை ஆசிரியர் உண்டு. இரு குடும்பங்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றிவிட்டால், எஞ்சிய ஒன்பது பேரின் ஆசிரியரும் ஆட்டம் காணும் நிலை வரும். விலகியவர்கள் பெரும்பாலும் வசதியுடையோர். எஞ்சியோர் பெரும்பாலும் சுமை தூக்குவோர், துப்புரவுப் பணியாளர், சிறு கடைகளிற் கூலிக்கு நிற்போர் ஆகியோரின் மக்கள். ஆங்கிலம் வேண்டுமென்று விலகியவரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. ஆயினும் அவ்விலகலின் விலையைக் கொடுப்பவர் அவரல்லர் என்பதைச் சொல்லாதிருத்தலும் இயலவில்லை. சில ஆண்டுகட்கு முன்னர், தன் மகளைத் தமிழ் வகுப்பிற் சேர்க்க வேண்டி ஒரு பள்ளிக்குச் சென்ற தாயொருத்தியுடன் நம் சங்கத்தாரும் சென்றிருந்தோம். பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. "தமிழுக்கு ஆளில்லை, மலையாளத்திலேயே சேர்த்துவிடுங்கள், குழந்தைக்கும் அதுதான் நல்லது" என்று அங்கே கனிவாகவே சொன்னார்கள். அவ்வம்மையார் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. வீதிக்கு வந்தபின், "ஆளில்லை என்கிறார்களே, இதோ இவள் ஆளில்லையா?" என்று மகளின் தலையைத் தொட்டுக் கேட்டார்.

2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் ஐந்து லட்சம் பேர். நூற்றுக்கு ஒன்றரைப் பேர். இடுக்கித் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சிற்றூர்களிலும் வாழ்வோர் இவருட் பலர். அங்கே தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் கூட்டமாக உளர். நகரத்தில் நாம் சிதறிக் கிடக்கிறோம். பத்துப் பேர் ஓரிடத்திற் சேர்வதே இங்கு அரிது.

பள்ளி இல்லாவிடினும் தமிழ் வளரும் என்று சொல்வோர் திரு. ஆ. மாதவனைச் சான்று காட்டுவர். அவர் இந்நகரிற் பிறந்து, மலையாளப் பள்ளியிற் கற்று, தமிழைத் தாமே பயின்றவர். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைத் தமிழ்ப் புனைகதையில் அழியாது நிறுத்தி, 2015-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்று, 2021-ல் மறைந்தார். மின்வாரியத்தில் பொறியாளராயிருந்த நீல. பத்மநாபன் 'தலைமுறைகள்', 'பள்ளிகொண்டபுரம்' ஆகிய நாவல்களால் பெயர் பெற்றார். மார் இவானியோசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன், தமிழில் தமக்கென ஒரு தனி நடை கண்டார். இவர்களால் இந்நகரம் பெருமையுறுகிறது. ஆனால் தானே நீந்தக் கற்ற ஒருவனைக் காட்டி, எல்லாக் குழந்தைகளையும் ஆற்றிலே தள்ளிவிட முடியுமா?

நம் குறையையும் ஒப்புக்கொண்டுவிடுவோம். இம்மலரின் சிறுவர் பகுதிக்கு இவ்வாண்டு வந்த கட்டுரைகளிற் சில, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியவை. அவற்றை அனுப்பியோர் நம் செயற்குழுவினரின் பேரக் குழந்தைகளே. வீட்டில் கொஞ்சுதமிழ் பேசும் அக்குழந்தைகள் தம் பெயரைத் தமிழில் எழுத அறியார். அக்கட்டுரைகளைத் தமிழெழுத்தில் மாற்றி அச்சிட்டுள்ளோம். அவ்வாறு மாற்றியது முறையா என்பதில் எமக்கு இன்னும் ஐயம் உண்டு.

புதிதாக வந்த குடும்பத்தார்க்குச் சில செய்திகள். தமிழ்வழி வகுப்புக்கான பாடநூல்களைக் கேரள அரசே அச்சிட்டு வழங்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழில் எழுதலாம். மேற்கல்விக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறைகள் உள்ளன. காரியவட்டத்துச் சுவடி நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் காக்கப்படுகின்றன. 1829-ல் தோன்றிய பொது நூலகம், இன்று மாநில மைய நூலகமாக, தமிழ் நூல்களையும் வைத்திருக்கிறது. அத்தமிழ் நூல்களை எடுப்பார் மிகச் சிலர் என்பது நாம் சென்றபோதெல்லாம் கண்டது. அந்நூல்களின் மேல் படிந்த தூசியே அதைச் சொல்லிற்று. பிள்ளையைத் தமிழ் வகுப்பிற் சேர்க்க விரும்புவோர், வாய்ச்சொல்லோடு நில்லாமல் விருப்பத்தை எழுத்தில் தந்து, அதற்கு ஒப்புச்சீட்டும் பெறுதல் நலம். எண்ணிக்கை குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டால் சங்கத்துக்கு அறிவியுங்கள். அதே வட்டாரத்தில் அதே விடை பெற்றுத் திரும்பிய வேறு குடும்பங்களும் இருத்தல் கூடும். தனித்தனியே ஒவ்வொருவராகத் திரும்பியவர்கள், சேர்ந்து சென்றால் பத்தாவர்.

புரட்டாசியில் நவராத்திரிக்கு முன்னர், பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் யானை மீதும் எழுந்தருளி, குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக நம் நகர்க்கு வருவர். தலைநகர் இங்கு மாறிய பின்னர் எழுந்த வழக்கம் இது. அச்சரசுவதி கம்பர் பூசித்த திருவுருவம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 1956-க்குப் பின்னரும் இப்பயணம் நிற்கவில்லை. எல்லையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். கரமனையில் ஊரார் திரண்டு எதிர்கொள்வர். ஒன்பது நாள் வழிபாடு முடிந்த பின், விஜயதசமியன்று குழந்தைகட்கு எழுத்தறிவிப்பர்.

சென்ற ஆண்டு அந்நாளில் எம் அயல் வீட்டில் ஒரு குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றித் தாம்பாளத்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவித்தனர். தந்தை வழியார் மலையாளம் பேசுவோர். எழுதியது மலையாள அகரம். குழந்தை கையைத் தட்டிச் சிரித்தது. அருகிலிருந்த தாய்வழிப் பாட்டி, தோவாளையிலிருந்து முதல் நாளிரவு வந்தவர், ஒன்றும் சொல்லாது அரிசியைக் கையால் நிரவினார். பின்னர் அச்சிறு விரலைத் தாம் பற்றிக்கொண்டு, அதே அரிசியில் மற்றோர் அகரத்தை எழுதுவித்தார்.